உப்பு வெளியே, யூரியா உள்ளே: றியோ இலையில் ஒரு செய்முறை

முற்பகலில் யூரியாக் கரைசலில் சுருங்கிப்போன றியோச் செடியின் இலைக் கலங்கள், அதே கரைசலில் கிடந்தபடியே பின்னேரம் விரிந்துவிட்டன. பக்கத்துக் கோப்பையில் உப்புக் கரைசலில் கிடந்தவை சுருங்கியபடியே இருந்தன. வெளியே செறிவு கூடினால் கலத்திலிருந்து நீர் வெளியேறி உள்ளடக்கம் சுருங்கும். கரைந்த பொருளும் உள்ளே போய்விட்டால் நீர் திரும்பி வந்து அது விரியும். இந்த இரண்டையும் ஒரே நாளில், ஒரே இலையில், பிள்ளைகள் தாங்களே பார்க்கும்படி செய்ய வேண்டும் என்பதுதான் நோக்கம். இப்போது ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வருகிறது. ஆகவே செய்தவற்றை அடுக்காக எழுதிவைக்கிறேன்.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். "கல மென்சவ்வு தேர்ந்து புகவிடும்" என்ற வசனத்தை எழுதாத பிள்ளை இல்லை. எதைப் பார்த்துத் தேர்கிறது என்று கேட்டால், "சின்னது போகும் சேர், பெரிசு போகாது" என்பார்கள். மென்சவ்வை ஓர் அரிதட்டாகவே மனதில் வைத்திருக்கிறார்கள். வழக்கமான செய்முறையில் சீனிக் கரைசல் மட்டுந்தான் வரும். அது இந்த எண்ணத்தை அசைக்காது. சுக்குரோசின் மூலக்கூற்றுத் திணிவு 342. அது பெரிய மூலக்கூறுதானே, வெளியே நிற்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். உப்பையும் யூரியாவையும் பக்கத்தில் வைத்தால் கதை மாறுகிறது. சோடியம் குளோரைட்டு 58.5, யூரியா 60. நிறையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. உப்பு கரைந்ததும் இரண்டு அயன்களாகப் பிரிவதால் ஒவ்வொரு துண்டும் இன்னும் சிறியது. அளவுதான் காரணம் என்றால் உப்பு முந்தி உள்ளே போயிருக்க வேண்டும்.

செடி

றியோ எங்கள் ஊரில் எந்த வளவிலும் இருக்கும். கேற்றடியில், கிணற்றடியில், உடைந்த வாளிக்குள் என்று எங்கே நட்டாலும் வளரும். இலையின் மேற்பக்கம் பச்சை, கீழ்ப்பக்கம் கத்தரிப்பூ நிறம். அந்த நிறத்தைத் தருவது அந்தோசயனின் என்ற நிறப்பொருள். கீழ்ப்புற மேற்றோல் கலங்களின் புன்வெற்றிடத்துக்குள், அதாவது கலத்துக்குள் சாறு நிறைந்திருக்கும் பைக்குள், கரைந்து நிற்கிறது. சாயம் எதுவும் போடாமலே கலத்தின் உள்ளடக்கம் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். வெண்காயத் தோலிலும் செய்யலாம், சிவப்பு வெண்காயம் என்றால் நன்றாகவே தெரியும். ஆனால் அதில் நிறம் திட்டுத் திட்டாக இருப்பதால் எண்ணுவது கடினம்.

இதே செடியைத்தான் ஒல்லாந்துத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ் 1884இல் பயன்படுத்தினார். அப்போது அதன் பெயர் திரடெசுகாந்தியா டிஸ்கலர். இப்போது திரடெசுகாந்தியா ஸ்பதேசியா. சீனி, பொற்றாசியம் நைத்திரேற்று, இன்னும் பல பொருள்கள் எந்தெந்தச் செறிவில் கலத்தைச் சரியாகச் சுருங்கத் தொடங்கவைக்கின்றன என்று அவர் அளந்து ஒப்பிட்டார். கரைசல்களைப் பற்றிய வான்ற் ஹொஃப்பின் கொள்கைக்கு அந்த அளவீடுகள் உதவின. 1901இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு வான்ற் ஹொஃப்புக்குக் கிடைத்தது. இவ்வளவு அடிப்படையான ஒன்று எங்கள் கேற்றடியில் நிற்கும் செடியில் பார்த்து அறியப்பட்டது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் நான் பாடத்தைத் தொடங்குவதில்லை.

நிழலில் வளர்ந்த செடி உதவாது, நிறம் வெளிறியிருக்கும். நல்ல வெயில் படும் செடியில், நடுவில் உள்ள முதிர்ந்த இலை ஒன்றைக் காலையிலேயே பறித்துக்கொள்வேன். ஒரு தொகுதிக் கரைசல்களுக்கு ஒரே இலைதான். இலைக்கு இலை கரையச் செறிவு வேறுபடும். இரண்டு இலைகளைக் கலந்தால், செறிவுக்கு எதிரே சுருங்கிய கலங்களைக் குறிக்கும் வரைபு நெளிந்து போய்விடும்.

சாமான்

நுணுக்குக்காட்டி பழையது, ஒற்றைக் கண், ஆடியில் வெளிச்சம் பிடிப்பது. 22,000 ரூபாய்க்கு வாங்கினேன். நகை நிறுக்கும் சின்னத் தராசு, 0.01 கிராம் வரை காட்டும், 1,900 ரூபாய். தோலை வைத்துப் பார்க்கும் கண்ணாடி வழுக்கி ஒரு பெட்டி 700, அதன் மேல் மூடும் மெல்லிய மூடித்துண்டு ஒரு பெட்டி 450. இருபது மில்லிலீற்றர் சிறிஞ்ச் இரண்டும் ஐந்து மில்லிலீற்றர் சிறிஞ்ச் இரண்டும் பார்மசியில் வாங்கியபோது இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. சவர பிளேட், கூரான சாவணம், ரிசு பேப்பர், வஸ்லின். கரைசல் வைக்கக் கழுவிய யோக்கட் கோப்பைகள். இவற்றில் நுணுக்குக்காட்டியைத் தவிர மற்றதெல்லாம் சேர்த்தும் நாலாயிரம் ஆகவில்லை.

தண்ணீர் மட்டும் கவனம். எங்கள் நிலத்தடி முழுக்கச் சுண்ணக்கல். கிணற்று நீரில் கல்சியம் கரைந்திருக்கும், கரையோரப் பக்கங்களில் உவரும் சேரும். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்தாலே விளங்கும். செறிவை அளக்கும் வேலைக்கு அந்த நீர் சரிவராது. வாகன பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த நீர், லீற்றர் 150 ரூபாய்க்கு வாங்கினேன். ஆனால் கடையில் சொல்லிக் கேட்க வேண்டும். பற்றரிக்கென்று அமிலம் கலந்தும் விற்பார்கள். அது வந்து சேர்ந்தால் தோல் முழுதும் செத்துவிடும்.

தராசைச் சரிபார்க்க ஒரு சுருக்கு வழி உண்டு. ஐந்து மில்லிலீற்றர் சிறிஞ்சில் வடித்த நீரை எடுத்து ஒரு மூடியில் விட்டு நிறுத்தால், எங்கள் முப்பது பாகை வெப்பத்தில் 4.98 கிராமுக்குக் கிட்ட வர வேண்டும். 4.9 வந்தாலும் பரவாயில்லை. 4.6 வந்தால் தராசின் பற்றரியை மாற்றுங்கள்.

கரைசல்

இரண்டு கிராம், மூன்று கிராம் என்று சிறு அளவுகளை நிறுத்தால் பிழை கூடும். ஆகவே ஒவ்வொன்றிலும் 250 மில்லிலீற்றர் மூலக் கரைசல் செய்து, அதிலிருந்து சிறிஞ்சால் ஐதாக்குவது நல்லது.

சீனி: 85.6 கிராம், 1 மூலர் (மூலக்கூற்றுத் திணிவு எவ்வளவோ அவ்வளவு கிராம் ஒரு லீற்றர் கரைசலில் இருந்தால் 1 மூலர்). வெள்ளைச் சீனிதான் வேண்டும். சிவப்புச் சீனியில் மற்றக் கழிவுகள் உண்டு. சீனியை 250 மில்லிலீற்றர் நீருக்குள் போட்டுக் கரைக்கக் கூடாது. இவ்வளவு சீனி தானே ஐம்பது மில்லிலீற்றருக்கு மேல் இடம் பிடிக்கும். கரைசல் முந்நூறைத் தாண்டிவிடும், செறிவும் 0.8 மூலருக்குப் பக்கத்தில் நின்றுவிடும். பல பிள்ளைகளின் கொப்பிகளில் இந்தப் பிழையைக் கண்டிருக்கிறேன். நூற்றைம்பது மில்லிலீற்றரில் கரைத்து, ஆறவிட்டு, பிறகு 250 கோடு வரை நீர் விட வேண்டும். கழுத்து ஒடுங்கிய கண்ணாடிப் போத்தல் ஒன்றில் சிறிஞ்சால் அளந்து ஊற்றி, மாக்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

உப்பு: 7.31 கிராம், 0.5 மூலர். பக்கற்றில் வரும் தூள் உப்பு போதும், ஆனால் இங்கத்தைய காற்றில் அது ஈரம் பிடித்திருக்கும். தாச்சியில் போட்டு மெல்லிய நெருப்பில் வறுத்து, ஆறியதும் உடனே நிறுத்தேன். வறுக்க முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால், ஈரம் எவ்வளவு ஏமாற்றுகிறது என்று தெரியும்.

யூரியா: 15.0 கிராம், 1 மூலர். புன்னாலைக்கட்டுவனில் வெங்காயம் செய்யும் ஒரு வீட்டுப் பிள்ளை பொலித்தீன் பையில் கொண்டுவந்து தந்தது. பசளை யூரியா போதுமான தூய்மையா என்று கேட்டார்கள். பையிலேயே பதில் இருக்கிறது: 46 வீதம் நைதரசன். தூய யூரியாவில் 60 பங்குக்கு 28 பங்கு நைதரசன், அதாவது 46.7 வீதம். இடைவெளி அவ்வளவுதான். கரைக்கும்போது கோப்பையைக் கையில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். யூரியா கரையும்போது வெப்பத்தை உறிஞ்சும். கோப்பை கைக்குக் குளிரும். அறை வெப்பத்துக்கு வரும்வரை வைத்திருந்துதான் 250க்கு நிரப்ப வேண்டும்.

இந்த அளவுகளை இப்படி எடுத்ததற்குக் காரணம் உண்டு. சீனி மூலக் கரைசல் 5 மில்லிலீற்றரும் நீர் 15 மில்லிலீற்றரும் சேர்ந்தால் 0.25 மூலர், 6உம் 14உம் என்றால் 0.30. உப்பிலும் அதே 5உம் 15உம் என்றால் 0.125, அதாவது பாதி. உப்பு இரண்டு அயனாகப் பிரிவதால் துணிக்கைகளின் எண்ணிக்கையில் இரண்டும் ஏறக்குறையச் சமமாகிவிடும். பிள்ளைகள் ஒரே சிறிஞ்ச் அளவை இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம், குழப்பம் இல்லை.

உரித்தலும் எண்ணலும்

இலையின் கீழ்ப்பக்கத்தை மேலே திருப்பி, சுட்டுவிரலின் மேல் வளைத்துப் பிடித்து, நடுநரம்புக்கு அருகில் பிளேட்டால் மெல்லக் கீற வேண்டும். சாவணத்தால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கத்தரிப்பூ நிறத் தோல் உரிந்து வரும். பச்சை ஒட்டிக்கொண்டு வந்தால் தடிப்பு. அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிடலாம். ஐந்து மில்லிமீற்றர்ச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு கோப்பையிலும் மூன்று துண்டு போட்டு, தோல் கரைசலுக்குள் அமிழ்ந்திருக்கும்படி பார்த்து மூடிவைப்பேன். அரை மணித்தியாலம் போதும்.

நுணுக்குக்காட்டியில் பத்து மடங்குப் பொருளருகு வில்லையில் பார்த்தால், அறுகோணம் அறுகோணமாக, நெருக்கமாகப் பதித்த நிறக் கட்டங்கள் தெரியும். இடையிடையே இலைவாய், அதன் காவற்கலங்களில் பச்சைப் புள்ளிகள். சுருக்கம் தொடங்கும்போது நிறம் முதலில் மூலைகளை விட்டு விலகும். மூலையில் ஒரு நிறமற்ற முக்கோணம் தோன்றும். அந்த இடத்தில் வெளிக்கரைசல் புகுந்து நிற்கிறது, கலச்சுவர் அதைத் தடுப்பதில்லை. செறிவு கூடக் கூட நிறம் உருண்டு திரண்டு கலத்தின் நடுவில் அடர்ந்த குமிழாக நிற்கும். ஒரு மூலை விலகியிருந்தாலும் அது முதலுருச் சுருக்கம் என்று கணக்கு வைத்தேன்.

கண்ணால் எண்ணினால் ஆளுக்கு ஆள் கணக்கு வேறாகிறது. போனை விழிவில்லைக்கு மேல் பிடித்துப் படம் எடுத்து, படத்தின் மேல் விரலால் புள்ளி வைத்து எண்ணுவது எவ்வளவோ மேல். படம் இருந்தால் சந்தேகம் வரும் கலத்தைப் பற்றி வகுப்பில் விவாதிக்கவும் முடியும்.

முதலில் எடுத்த தொகுதிகள் தடுமாறின. அரைவாசிக் கலங்கள் சுருங்கும் செறிவு ஒரு நாள் 0.21, இன்னொரு நாள் 0.26. கரைசலில் பிழை என்று நினைத்து எல்லாவற்றையும் ஊற்றிவிட்டுப் புதிதாகச் செய்தும் மாறவில்லை. 0.20 மூலர் வழுக்கி ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, சிறிது நேரம் கழித்துத் திரும்பவும் படம் எடுத்தபோதுதான் விளங்கியது: முதற் படத்தில் 100க்கு 11 கலம் சுருங்கியிருந்தது, இரண்டாம் படத்தில் 43. அது தென்காற்று வீசும் சோளகக் காலம். தெற்கு யன்னல் திறந்திருந்தது, தலைக்கு மேல் விசிறியும் சுழன்றது. மூடித்துண்டின் ஓரத்தால் நீர் ஆவியாகிப் போக, உள்ளே கரைசல் செறிந்துகொண்டே வந்திருக்கிறது. நாங்கள் 0.20 என்று எழுதிக்கொண்டு பார்த்தது அதைவிடக் கூடிய செறிவை.

அதன் பிறகு விசிறி நிறுத்தம், யன்னல் பூட்டு. துண்டுகள் மூடிய கோப்பைக்குள்ளேயே கிடக்கும். எண்ணும் நேரத்தில்தான் வழுக்கிக்கு வரும். மூடித்துண்டின் நாலு ஓரத்திலும் தீக்குச்சி நுனியால் வஸ்லின் பூசுவேன். வியர்த்துக்கொண்டு செய்யும் வேலைதான், ஆனால் கணக்கு நிலைத்துவிட்டது.

சீனியில் கிடைத்த கணக்கு இது, 100 கலத்துக்கு: 0.15இல் 2, 0.20இல் 11, 0.25இல் 38, 0.30இல் 72, 0.35இல் 94, 0.40இல் 100. வரைபில் 50 வீதத்துக்கு நேரே 0.27 மூலர் வருகிறது. முப்பது பாகையில் அந்தக் கரைசலின் கரைய அழுத்தம் (கரைந்த பொருள் நீரைத் தன் பக்கம் இழுக்கும் அளவு) கணக்குப்படி மறை 0.68 மெகாபசுக்கால். கலத்தினுடையதும் அதுவே.

உப்பில் 50 வீதம் 0.15 மூலரில் வந்தது. 0.27ஐ 0.15ஆல் வகுத்தால் 1.8. சரியாக இரண்டு வராதா என்று பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். வரக்கூடாது. எதிரேற்றமுள்ள அயன்கள் ஒன்றையொன்று இழுப்பதால் உப்பின் விளைவு இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். யோக்கட் கோப்பையும் சிறிஞ்சும் வைத்து அந்தக் குறைவைப் பிடித்துவிட்டோம் என்பது எனக்குப் பெரிய சந்தோசம்.

இதைச் சரிபார்க்க இன்னொரு வழியும் அகப்பட்டது. பார்மசியில் விற்கும் சேலைன் போத்தல் 0.9 வீதம், அதாவது 0.154 மூலர். அதில் எங்கள் தராசின் பிழை எதுவும் இல்லை. தோலை நேரே அதில் போட்டோம்: 100க்கு 55. நோயாளியின் இரத்தக் கலம் சுருங்காமலும் வீங்காமலும் இருப்பதற்காகத் தெரிந்தெடுத்த செறிவு, இந்த இலையின் கலத்துக்கும் கிட்டத்தட்ட எல்லைக்கோடாக நிற்கிறது. தராசு இல்லாத பள்ளிக்கூடங்களில் உப்புப் பகுதிக்குச் சேலைனே போதும்.

மூன்று கோப்பை

இனித்தான் முக்கியமான கட்டம். மூன்று மூலக் கரைசலிலும் 10 மில்லிலீற்றரோடு 10 மில்லிலீற்றர் நீர். சீனி 0.5, உப்பு 0.25, யூரியா 0.5. துணிக்கைச் செறிவு மூன்றிலும் ஏறக்குறையச் சமம். ஒரே இலையின் தோல். 11 மணிக்குப் போட்டோம்.

பத்து நிமிடத்தில் மூன்றிலும் எல்லாக் கலமும் சுருங்கின. எந்தக் கோப்பை எது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நீர் வெளியேறும் வேகம் அப்படி. மென்சவ்வின் கொழுப்புப் படையூடாகவும் கொஞ்சம் நீர் போகும், ஆனால் பெரும்பங்கு அதற்கென்றே உள்ள நீர்க்கால்வாய்ப் புரதங்களூடாகப் போகிறது. மனிதச் செங்குருதிக் கலத்தில் கண்ட ஒரு புரதம் இந்த வேலையைத்தான் செய்கிறது என்று பீற்றர் ஆகிரே 1992இல் காட்டினார். 2003இல் நோபல் பரிசும் பெற்றார்.

பன்னிரண்டு மணிக்கு யூரியாக் கோப்பையில் உருண்டைகள் கொஞ்சம் பருத்திருந்தன. சாப்பிட்டு வந்து இரண்டு மணிக்குப் பார்த்தபோது பாதிக் கலங்களில் ஒரு மூலை, இரண்டு மூலைதான் வெறுமை. நாலு மணிக்குப் பக்கத்தில், யூரியாவைப் பார்க்கும் பொறுப்பில் இருந்த பிள்ளை கூப்பிட்டது.

"சேர், இது முழுக்க விரிஞ்சு போச்சு. நான் ஒண்டையும் மாத்தேல்லை."

"தண்ணி ஏதும் விட்டனியோ?"

"இல்லை சேர். மூடினது மூடினபடிதான் கிடந்தது."

நூறு கலத்தில் நான்கில் மட்டும் சிறு விலகல். உப்பில் நூறும் சுருங்கியபடி. சீனியிலும் நூறும் அப்படியே. மேசையைச் சுற்றி ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு நின்றார்கள். அறுபது நிறையுள்ள ஒன்று உள்ளே போகிறது, ஐம்பத்தெட்டரை போகவில்லை என்று நான் பலகையில் எழுத முதலே, "அயன் எண்டபடியாலோ சேர்?" என்று பின்னாலிருந்து கேட்டது ஒரு குரல். அதுதான். யூரியாவுக்கு மின்னேற்றம் இல்லை. சோடியம் அயனும் குளோரைட்டு அயனும் ஏற்றத்தோடு, நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கொழுப்புப் படைக்குள் நுழைய அந்த நீரைக் கழற்ற வேண்டும், அதற்குச் செலவு அதிகம். யூரியா கொழுப்புப் படையூடாக மட்டுந்தான் போனது என்று இந்தச் செய்முறையை வைத்துச் சொல்லக் கூடாது. சில நீர்க்கால்வாய்ப் புரதங்கள் யூரியாவையும் விடும். எங்கள் படங்கள் காட்டுவது, போனது என்பதையும் எவ்வளவு நேரத்தில் என்பதையும்தான்.

"அப்ப பொற்றாசியம் எப்படிச் சேர் உள்ளுக்குப் போறது, அதுவும் அயன்தானே?" என்று கேட்டார்கள். தாவரக் கலம் சக்தி செலவழித்து ஐதரசன் அயனை வெளியே தள்ளுகிறது. அதனால் உட்பக்கம் மறையேற்றமாகிறது. அந்த இழுப்பில் பொற்றாசியம் தனக்குரிய கால்வாய்களூடாக வருகிறது. சுவாசிக்கும் கலத்தில் மட்டுமே நடக்கும் வேலை. வெள்ளம் நின்ற வயலில் வேருக்கு ஒட்சிசன் கிடைக்காவிட்டால் பயிர் மஞ்சளாவதற்கு இதுவும் ஒரு காரணம். யூரியா கொண்டுவந்த பிள்ளை, தன் அப்பா இலைக்கும் யூரியா கரைத்து அடிப்பார் என்றது. ஏற்றமில்லாத சிறிய மூலக்கூறு என்பது அதற்கு வசதி. ஆனால் இலைக்கு அடிக்கும் கரைசல் எங்களுடையதைவிட ஐதாக இருக்க வேண்டும். எங்களுடையது 3 வீதம், அந்தச் செறிவில் இலை கருகலாம்.

உயிரோடு இருக்கிறதா

விரிந்தது சரி, ஆனால் கலம் செத்து மென்சவ்வு கிழிந்ததால் அப்படித் தெரிகிறதோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. செத்த கலம் எப்படி இருக்கும் என்று முதலில் காட்டினேன். ஒரு துண்டை 80 பாகைச் சுடுநீரில் ஒரு நிமிடம் வைத்தால் நிறம் நீருக்குள் வடிந்துவிடும். கலங்கள் வெறும் சட்டமாக நிற்கும். அதன் பிறகு எந்தக் கரைசலில் போட்டாலும் அசைவில்லை. யூரியாவில் விரிந்த கலங்களில் நிறம் அப்படியே உள்ளே இருந்தது.

அதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. யூரியா உண்மையாகவே உள்ளே போயிருந்தால், கலத்தின் உட்செறிவு கூடியிருக்க வேண்டும். அப்படியென்றால் புதுத் தோலை முழுதாகச் சுருக்கும் 0.40 மூலர்ச் சீனி, இந்தத் தோலைச் சுருக்கக் கூடாது. விரிந்த துண்டுகளை யூரியாவிலேயே இன்னும் இரண்டு மணித்தியாலம் விட்டு, ரிசு பேப்பரில் ஒற்றி, 0.40 சீனிக்கு மாற்றினோம். பக்கத்தில் புதுத் துண்டு. பத்து நிமிடத்தில் புதியதில் 100க்கு 100. யூரியாவில் ஊறியதில் 3. இரவு வகுப்பு முடிந்து விளக்கு அணைக்க முதல் திரும்பவும் எடுத்துப் பார்த்தபோது அதே துண்டில் 60 கலங்களுக்கு மேல் சுருங்கியிருந்தன. உள்ளே போன யூரியா வெளியே கசிந்துவிட்டது. சீனி உள்ளே வரவில்லை. மென்சவ்வு கிழிந்திருந்தால் இந்த இரண்டாவது சுருக்கம் வரவே வராது. முழுச் செய்முறையிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நேரம் இருக்கிறவர்கள் இதைத் தவறவிட வேண்டாம்.

யூரியாக் கரைசலைச் சேமித்து வைக்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் கிடந்த போத்தலைத் திறந்தால் அமோனியா மணம் வந்தது. கிருமி சேர்ந்து யூரியாவை உடைத்திருக்கிறது. அதில் போட்ட தோலின் கத்தரிப்பூ நிறம் நீலமாக மாறிப்போனது. அமோனியா ஏற்றமில்லாத சிறு மூலக்கூறு, விரைவாக உள்ளே போய் புன்வெற்றிடத்தின் அமிலத்தைக் குறைத்துவிடும். அந்தோசயனின் அதைக் காட்டிக்கொடுக்கும். அதுவும் மென்சவ்வுப் பாடந்தான், ஆனால் சுருக்கத்தை எண்ணும் நாளில் அது தேவையில்லை. அன்றன்றைக்குக் கரைப்பது நல்லது. மிஞ்சினதை நிறைய நீரோடு கலந்து தென்னையடியில் ஊற்றினேன்.

அடுத்த தடவைக்கு மூன்று மாற்றங்கள். பார்மசிக் கிளிசரினையும் நாலாவது கோப்பையாக வைக்கப் போகிறேன். அதன் மூலக்கூற்றுத் திணிவு 92, ஏற்றம் இல்லை. யூரியாவைவிட வேகமா, மெதுவா என்று அதே இலையில் நேரம் குறிக்க வேண்டும். இரண்டாவது, யூரியாத் துண்டை மணிக்கொருமுறை எடுத்து வைக்காமல், வஸ்லின் பூசி மூடிய ஒரே வழுக்கியில் ஒரே கலத்தைத் தொடர்ந்து படம் எடுப்பது. போனைப் பிடித்துவைக்க மரத்தில் ஒரு தாங்கி செய்யத் தச்சரிடம் கொடுத்திருக்கிறேன், 600 ரூபாய் சொன்னார். மூன்றாவது, தொடங்கும் நேரம். 11 மணிக்குத் தொடங்கினால் 0.40 சீனிச் சோதனை இரவுக்குப் போய்விடுகிறது, தூரத்துப் பிள்ளைகள் அதைப் பார்க்காமலே பஸ் பிடிக்க வேண்டியிருக்கிறது. காலை 7 மணிக்கு யூரியாவில் போட்டுவிட்டால் எல்லாம் பின்னேரத்துக்குள் முடியும்.

அரை நாள்தான் கிடைக்கும் என்கிற ஆசிரியர்கள் சீனித் தொகுதியையும் வரைபையும் விட்டுவிட்டு, உப்பு 0.25, யூரியா 0.5 என்ற இரண்டு கோப்பையை மட்டும் காலையில் வையுங்கள்.